தோற்றவர்களில் முதல் ஆள்

ஜனவரி 9, வியாழன். மெல்போர்ன்

தோற்றுவிட்டேன்.

இதை முதலில் எழுதிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும் என்று நினைத்தேன். வரவில்லை. எழுந்து போய் சாக்ஸ் துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். உள்ளதை உள்ளபடி தினமும் எழுதச் சொல்லி மைண்ட் கோச் உத்தரவு. வாரத்துக்கு ஒரு முறை போன் திரையில் தோன்றி, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு மறைந்துவிடுவார். அவருக்கென்ன, அவர் எந்தக் கோர்ட்டிலும் தோற்றதில்லை.

தகுதிச் சுற்றின் மூன்றாவது ஆட்டம். இதில் ஜெயித்தால் பிரதான சுற்று. கிராண்ட் ஸ்லாம் பிரதான சுற்றில் ஒரே ஒரு தடவை ஆடிவிட வேண்டும் என்றுதான் பதினோரு வருடமாகப் பெட்டியும் கையுமாக ஊர் ஊராக அலைகிறேன். எதிரே நின்றது பல்லுக்குக் கம்பி போட்ட பதினேழு வயதுக் குழந்தை. பாயிண்டுக்குப் பாயிண்ட் அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. மூன்றாவது செட்டில் எனக்கு மேட்ச் பாயிண்ட், இன்னும் ஒன்றே ஒன்று எடுத்தால் ஜெயம். முதல் செர்வ் வெளியே, இரண்டாவது செர்வ் வலையில். அதற்கப்புறம் நடந்ததை எழுதப்போவதில்லை. கை குலுக்கும்போது அது என்னிடம், "உங்கள் ஆட்டத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன்" என்றது. அறையலாம் போலிருந்தது.

எனக்கு இருபத்தொன்பது வயது. ரேங்க் 187. இதுதான் கடைசி வருடம் என்று வீட்டில் சத்தியம் செய்துவிட்டு வந்திருக்கிறேன். அடுத்த ஜனவரியில் கோயம்புத்தூரில் ஏதாவது பள்ளிக்கூடத்தில் விசில் ஊதிக்கொண்டிருப்பேன்.

ஆனால் இன்னும் முழுதாகச் சாகவில்லை. டென்னிஸில் தோற்றவர்களுக்கும் ஒரு வரிசை உண்டு. 'லக்கி லூசர்' என்று பெயர். பிரதான சுற்றின் முதல் ஆட்டங்கள் ஞாயிறு, திங்கள், செவ்வாய் நடக்கும். அதற்குள் யாராவது காலில் அடி, வயிற்றுப்போக்கு என்று விலகினால், கடைசித் தகுதி ஆட்டத்தில் தோற்றவர்களில் ஒருத்தி அவள் இடத்தில் நுழைந்து, அவளுக்கு விதித்த எதிராளியோடு ஆடலாம். விலகுகிறவள் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் விலக வேண்டும். ஒரு பாயிண்ட் ஆடிவிட்டாலும் அந்த இடம் அவளோடு போய்விடும்.

சாயங்காலம் சீட்டுக் குலுக்கினார்கள். முதல் சீட்டு எனக்கு. இந்த ஊரில் இன்று தோற்றவர்களில் முதல் ஆள் நான்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஜெனி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். ஜெனிட்டா, தூத்துக்குடிக்காரி. என்னைவிட இரண்டு வயது சின்னவள். சென்னை அகாடமியில் ஒரே அறையில் ஆறு வருடம் இருந்தோம். அப்போது அவள் எனக்குப் பந்து பொறுக்கினாள். இப்போது அவள் ரேங்க் 94, நேரடியாகப் பிரதான சுற்று. முதல் தடவை. அவளும், அவளுக்குச் சமைத்துப்போட்டுப் பை தூக்க ஹார்பர் வேலையை விட்டுவிட்டு வந்த அண்ணன் பிரின்ஸும், நானும் சேர்ந்துதான் இந்த வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறோம்.

"மொதச் சீட்டுல்லா மோனி! கண்டிப்பா உள்ள போயிருவ, பாரு" என்றாள். "எவளாச்சும் ஒருத்தி வெலகாமலா போவா?"

பிரின்ஸண்ணன் ரசம் வைத்திருந்தார். குடித்தேன்.

ஜனவரி 10, வெள்ளி

காலையில் ஜெனியோடு பயிற்சி. லக்கி லூசர் சும்மா கிடக்கக் கூடாது, கூப்பிட்டால் பத்து நிமிடத்தில் கோர்ட்டில் நிற்க வேண்டும். நல்ல வெயில். ஜெனி தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஆடினாள். கால் பரபரவென்று ஓடுகிறது அவளுக்கு. ரேங்க் இரண்டு இலக்கத்தில் இருந்தால் காலும் அப்படித்தான் ஓடும் போலிருக்கிறது.

பயிற்சியில் ஒரு வழக்கம். எதிரே இருப்பவளின் காலுக்குப் பின்னால் பந்து கிடப்பதைப் பார்த்தால், கையைத் தூக்கி "பந்து!" என்று கத்த வேண்டும். ஆட்டம் நிற்கும். எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுத் தொடரலாம். ராக்கெட்டைப் பிடிக்கச் சொல்லித்தருவதற்கு முன்பே குழந்தைகளுக்கு இதைத்தான் சொல்லித்தருவார்கள்.

நான் தூக்கி அடித்த பந்துக்கு ஜெனி பின்னால் ஓடினாள். கோட்டுக்குப் பின்னால் ஒரு பந்து கிடந்தது. வலது கால் நேராக அதன் மேல். கணுக்கால் மடங்கிய சத்தம் எனக்குக் கேட்டது.

பந்து கிடந்ததை நான் கவனிக்கவில்லை. வெயில் கண்ணில் அடித்தது.

அவள் அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்தான் ஐஸ் வாங்க ஓடினேன். திரும்பி வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யார்ட்டயும் சொல்லாதட்டி. வெளிய தெரிஞ்சா அந்த எதிராளி என்னைய ஓட உட்டே கொன்னுருவா. நமக்குள்ளயே இருக்கட்டும்."

"சத்தியமா சொல்லமாட்டேன்டி" என்றேன்.

சொல்லவும் இல்லை. என்னைப் பற்றி யார் என்ன சொன்னாலும், நான் ரகசியத்தைக் காப்பாற்றுகிறவள்.

ஜனவரி 11, சனி

ராக்கெட் நான்குக்கும் புது நரம்பு மாட்டக் கொடுத்தேன். வெள்ளை ஸ்கர்ட்டை இஸ்திரி போட்டேன். பிரதான சுற்றுக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்த ஸ்கர்ட். மூன்று கிராண்ட் ஸ்லாமுக்குப் பெட்டியில் வந்து பெட்டியிலேயே திரும்பிப் போயிருக்கிறது.

அம்மா போன் செய்தார்கள்.

"என்ன கண்ணு, தோத்துட்டியாமா? போச்சாது உடு. பொங்கலுக்கு வூட்டுக்கு வந்துரு."

"இல்லீங்மா. செவ்வாய்க்கிழமை வரைக்கும் இருக்கோணும். ஆருக்காச்சும் அடி கிடி பட்டா எனக்கு எடம் கெடைக்கும்."

"அய்யய்யோ, அப்பிடியெல்லாம் நெனைக்கப்படாது சாமி!" என்றார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நான் வேணா கோனியம்மனுக்கு வேண்டிக்கறேன்" என்றார்கள்.

"என்னன்னு வேண்டுவீங்?"

"பொதுவா, நல்லது நடக்கோணும்னு."

பொதுவாக நல்லது நடந்தால் எனக்கு இடம் கிடைக்காது என்று அம்மாவுக்கும் தெரியும். அதைப் பற்றி மேலே பேசாமல், கரும்பு விலையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டார்கள்.

வீரர்கள் ஓய்வறையில் யானாவைப் பார்த்தேன். செக் நாட்டுக்காரி, இரண்டாம் சீட்டு. அவளும் என்னைப் போலவே வாசலுக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வருகிறவர் போகிறவர் முகத்தை நாங்கள் பார்க்கவில்லை. நடையைத்தான் பார்த்தோம். ஒருத்தி முட்டியில் கட்டுடன் வந்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம். கட்டைக் கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் போனாள். யானா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏமாற்றமாக இருந்தது.

"நீ உன் தோழியோடு தினமும் பயிற்சி செய்கிறாயே" என்றாள் யானா. "எங்கள் ஊரில் முதல் சீட்டுக்காரியோடு யாரும் பந்தே அடிக்கமாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள்."

"நாங்கள் அப்படி இல்லை" என்றேன். ரோஷமாகவே சொன்னேன்.

ஜெனிக்கு முதல் ஆட்டம் செவ்வாய்க்கிழமை. டென்மார்க்காரி ஒருத்தி, இடது கை. நல்ல எதிராளிதான். நான் ஆடினால் ஜெயிப்பேன்.

ஜனவரி 12, ஞாயிறு

காலையில் போய்க் கையெழுத்துப் போட்டேன். தினமும் முதல் ஆட்டத்துக்கு முன்னால் வந்து கையெழுத்துப் போடாத லக்கி லூசரின் பெயரை அடித்துவிடுவார்கள்.

யாரும் விலகவில்லை.

மதியம் கழிப்பறையில் ஒரு பெல்ஜியக்காரி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். தலைமுடியைப் பிடித்துவிட்டேன், வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தேன். "ஆடப்போகிறாயா?" என்று அக்கறையாகக் கேட்டேன். பதில் சொல்லாமல் போய்விட்டாள். நான் ஓடிப்போய் ஷூ லேஸை இறுக்கிக் கட்டி, வாழைப்பழம் தின்று, கை காலை உதறிக்கொண்டு தயாராக நின்றேன். அவள் கோர்ட்டுக்குப் போய் ஒரு மணி நேரத்தில் ஜெயித்துவிட்டு வந்தாள். தலைமுடியைப் பிடித்ததற்கு நன்றிகூடச் சொல்லவில்லை. நன்றி கெட்ட ஜென்மம்.

யானா கேட்டாள், "உன் தோழி நொண்டுகிறாளா?"

"புது ஷூ" என்றேன்.

சாயங்காலம் ஜெனி மெதுவாகப் பத்து நிமிடம் பந்து அடிக்கக் கூப்பிட்டாள். கால் வீங்கியிருந்தது. பிரின்ஸண்ணன் டேப் சுற்றிவிட்டிருந்தார், பார்க்கவே பரிதாபமாக இருந்தது. நான் அவள் கைக்குக் கைக்கென்று அடித்தேன். அப்புறம் ஓரிரண்டு பந்து வலது ஓரத்துக்குப் போனது. அந்தக் காலை ஊன்றித்தான் அதை எடுக்க வேண்டும். ஜெனி போய் எடுத்தாள். முகம் சுருங்கியது.

"மன்னிச்சிருடி, கை நழுவிருச்சு" என்றேன்.

"இருக்கட்டும்ட்டி. எப்பிடித்தான் இருக்குன்னு பாக்கணும்லா."

அவளே சொல்லிவிட்டாள். டென்மார்க்காரி என்ன, இவள் கால் வலிக்கிறதே என்று நடுவில் அடிப்பாளா? நிலைமை என்னவென்று அவளுக்குத் தெரிவது அவளுக்குத்தான் நல்லது. இன்னும் சில பந்துகள் அந்தப் பக்கம் அடித்தேன்.

ஜனவரி 13, திங்கள்

போகி. எதையும் எரிக்கவில்லை.

இன்றும் யாரும் விலகவில்லை. இந்த உலகத்தில் இவ்வளவு ஆரோக்கியமான பெண்கள் இருப்பது எனக்கு இதுவரை தெரியாது.

ஜெனி ஓய்வறைப் பக்கமே வரவில்லை. போட்டியின் டாக்டரிடம் போனால் விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்று பிரின்ஸண்ணன் ஊருக்குள் தெரிந்தவர் மூலமாக ஒரு பிசியோவிடம் அழைத்துப்போயிருந்தார். நான் சாயங்காலம் வந்தபோது இரண்டு பேரும் சமையலறையில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது.

"பிசியோ என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல. ஆடலாம்னுட்டாரு" என்றாள் ஜெனி. பிரின்ஸண்ணன் திரும்பி நின்று வெங்காயத்தை வெட்டினார்.

ஆடலாமாம். என் நெஞ்சுக்குள் ஏதோ தொப்பென்று விழுந்தது. "சூப்பர்டி!" என்று கத்தினேன். கத்தல் கொஞ்சம் அதிகமாகிவிட்டதோ என்று இப்போது தோன்றுகிறது.

சாப்பிடும்போது ஜெனிக்கு ஒரே குஷி. என் தட்டில் முட்டையை எடுத்து எடுத்து வைத்தாள். "நல்லாத் தின்னு. நாளைக்குத் தெம்பு வேணும்லா." உட்கார்ந்து காத்திருப்பதற்கு என்ன தெம்பு வேண்டும்? குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்துப் பேசாமல் தின்றேன்.

அப்புறம் டென்மார்க்காரியைப் பற்றி ஆரம்பித்தாள். நிறுத்தவேயில்லை. "இடதுகைல்லா, இக்கட்டான பாயிண்ட்ல செர்வை வெளியதான் போடுவா. ரெண்டடி முன்னாலயே போய் நின்னுக்கணும், என்ன? அவ பேக்ஹேண்ட் சரியான கட்டை. அங்கயே அடிச்சுக்கிட்டே இருக்கணும். வலைக்கு இழுத்தா கை ஆடும்." சோற்றுப் பருக்கையை வைத்துத் தட்டில் கோர்ட் வரைந்துகூடக் காட்டினாள். "வெளங்குச்சாட்டி?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிரதான சுற்றில் ஆடுகிறவளுக்கு வரும் திமிர் இதுதான் போல. எனக்கு எதற்கு விளங்க வேண்டும்?

"நாளைக்குப் பொங்கல்லா" என்றாள் கடைசியில். "ஒனக்குப் பொங்கப்படி உண்டு."

"அப்படீன்னா?"

"கெட்டிக்குடுத்த புள்ளைக்கு பொறந்த வீட்டுல இருந்து பொங்கலுக்கு அனுப்புவாங்கள்லா, அது. எங்க ஊர்ல பொங்கப்படின்னு சொல்லுவோம்."

"எனக்குக் கல்யாணமே ஆகலையேடி."

"ரேக்கட்டதான் கட்டிருக்கியே" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டாள். பிரின்ஸண்ணன் சிரிக்கவில்லை. தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்த மக்ரூன் பாக்கெட் ஒன்று பிரிக்காமல் இருக்கிறது, அதைத்தான் தரப்போகிறாள். தரட்டும்.

நாளைக் காலை வார்ம்-அப்புக்கு அவளோடு பந்து அடிக்க என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். வேறு யாரையாவது கூப்பிட்டிருக்கலாம்.

ஜனவரி 14, செவ்வாய், முற்பகல்

ஓய்வறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்துப் போட்டாயிற்று. ஷூ லேஸ் கட்டியாயிற்று. வெள்ளை ஸ்கர்ட் போட்டிருக்கிறேன். ஜெனியின் ஆட்டம் இரண்டாவது. அதற்குள் அவள் விலகியாக வேண்டும். விலகுவாள். அந்தக் காலை வைத்துக்கொண்டு ஆட முடியாது, நான் பார்த்தேன்.

வார்ம்-அப் நடந்ததை எழுதுகிறேன். கோர்ட்டுக்கு வந்ததும் ஜெனி, "நீ மொதல்ல செர்வ் போடு, நான் எடுக்கேன்" என்றாள். போட்டேன். "ரெண்டாவது செர்வ் மட்டும் இன்னும் கொஞ்சம் போடு. தோளை எறக்கிப் போடுட்டி, அன்னைக்கி தோளத் தூக்கிட்ட, அதான் வலைல போச்சு." போட்டேன். நன்றாகத்தான் விழுந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. வார்ம்-அப் யாருக்கு, அவளுக்கா எனக்கா? மேட்ச் பாயிண்டில் நான் கோட்டை விட்டதை இன்றைக்கு நினைவுபடுத்த வேண்டுமா?

சரி, ஆடுவோம் என்றேன்.

மேட்ச்சில் ஆடுவதுபோல ஆடினேன். அவ்வளவுதான். வலது ஓரத்தில் ஒன்று. அதே இடத்தில் இன்னொன்று. வலைக்குப் பக்கத்தில் மெத்தென்று ஒன்று. அவள் ஓடி வந்ததும் தலைக்கு மேல் ஒன்று. ஓடாமல் விட்டிருக்கலாம், யாரும் ஓடச் சொல்லவில்லை. ஆனால் பந்து வந்தால் ஓடாமல் நிற்பதற்கு எங்களுக்குத் தெரியாது, அப்படித்தான் வளர்ந்தோம். அது எனக்குத் தெரியும். மறுபடி வலது ஓரத்தில் அடித்தேன். அவள் கால் மடங்கிக் கீழே விழுந்தாள்.

கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, வேணும்னேவா அடிக்க?"

"மேட்ச்ல இப்படித்தான்டி வரும்" என்றேன்.

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் போய்க் கை கொடுத்தேன். பிடிக்கவில்லை. தானே எழுந்து, கோர்ட்டில் கிடந்த பந்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டாள். நொண்டிக்கொண்டே போய்க் கடைசிப் பந்தையும் எடுத்தாள். பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கோபம் இருக்கும். சாயங்காலம் பேசிச் சரிசெய்துகொள்ளலாம். எத்தனை சண்டை போட்டிருக்கிறோம்.

யானா பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்கிறாள். எனக்கு ஒரு சுளை கொடுத்தாள். கையிலேயே வைத்திருக்கிறேன். வாசலில் வாக்கிடாக்கியோடு அதிகாரி நிற்கிறார். அவர் இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் எனக்குப் பாதி உயிர் போய் வருகிறது. இன்னும் கொஞ்ச நேரம்தான். என் பெயரை இவர்கள் எப்படி உச்சரிப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

செவ்வாய், மாலை

உள்ளதை உள்ளபடி.

முதல் ஆட்டம் முடிந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை. யானா உள்ளே போய்வந்து, "உன் தோழி லாக்கர் அறையில் டேப் சுற்றிக்கொண்டிருக்கிறாள்" என்றாள். நான் நம்பவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடினேன். கம்பி வேலிக்கு வெளியே நின்றேன், ஆடும் உடுப்போடு, தோளில் ராக்கெட்டோடு. பக்கத்தில் இருந்த ஒரு தாத்தா என்னிடம் ஆட்டோகிராப் கேட்டார். யாரென்று நினைத்தாரோ.

ஜெனி வந்தாள். நடக்க முடியவில்லை அவளால். வலது காலைத் தரையில் வைத்தும் வைக்காமலும், சுவரைப் பிடித்து நடப்பதுபோல் வந்தாள். டாஸ் ஜெயித்து, முதல் செர்வ் தனக்கு என்றாள். எதிராளியோடு பந்து அடித்துப் பார்க்கும் ஐந்து நிமிடமும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. டென்மார்க்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. நடுவரிடம் போய் ஏதோ கேட்டாள்.

இன்னும் நேரம் இருக்கிறது, இப்போதுகூடச் சொல்லிவிடலாம், சொல்லிவிடுடி என்று நான் வேலியைப் பிடித்துக்கொண்டு முனகினேன். வாய்விட்டுத்தான் முனகியிருக்கிறேன், அந்தத் தாத்தா திரும்பிப் பார்த்தார்.

ஜெனி கோட்டுக்கு வந்தாள். பந்தைத் தட்டினாள். நிமிர்ந்து வேலிப் பக்கம் பார்த்து என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள். அப்புறம்தான் செர்வ் போட்டாள். மெதுவான செர்வ். பந்து திரும்பி நேராக அவள் கைக்கே வந்தது. ராக்கெட்டைத் தூக்கவில்லை. பந்து அவளைத் தாண்டிப் போனது.

பூஜ்ஜியம், பதினைந்து.

நடுவரிடம் நொண்டிப் போய் ஏதோ சொன்னாள். டென்மார்க்காரிக்குக் கை கொடுத்தாள். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஒரே ஒரு பாயிண்ட். அந்த இடம் அவளோடு போயிற்று.

வேலியோரமாக என்னைத் தாண்டிப் போகும்போது நின்றாள். முகத்தில் வியர்வைகூட இல்லை.

"ஹேப்பி பொங்கல்ட்டி" என்றாள்.

அப்புறம் நான் செய்தது அசிங்கம். அலுவலகத்துக்கு ஓடினேன். ஒரு பாயிண்ட்தானே ஆடினாள், அதைக் கணக்கில் எடுக்க வேண்டுமா என்று கேட்டேன். அங்கிருந்த பெண், "தோழிக்கு அடிபட்டதில் அதிர்ச்சியில் இருக்கிறீர்கள், உட்காருங்கள்" என்று தண்ணீர் கொடுத்தாள். வெளியே வந்தால் பிரின்ஸண்ணன் ஜெனியின் பையோடு நிற்கிறார்.

"ஏண்ணா ஆடினா?" என்று கத்தினேன். "நடக்கவே முடியல, எதுக்கு ஆடினா?"

அவர் பையைக் கீழே வைத்தார். அவர் கத்தவில்லை.

"நேத்தே பிசியோ சொல்லிட்டாரும்மா. ஆடுனா ஜவ்வு அத்துரும், ஆடவே கூடாதுன்னு. அழுதா. பொறவு தானே கண்ணத் தொடச்சிக்கிட்டு, செரி, மோனிக்கு கெடைக்கட்டும், வேற எவளுக்கோ போகலல்லான்னு சொன்னா. ஒன்ட்ட நேத்தே சொல்லச் சொன்னேன். வேண்டாம், முன்னாலயே தெரிஞ்சா அவ பயந்துருவா, செர்வ் எல்லாம் வலைல போடுவா, காலைல நல்லா வார்ம்-அப் குடுத்துட்டு, அப்புறமா சொல்லுதேன்னா."

நான் ஸ்கர்ட்டின் ஓரத்தை இழுத்து இழுத்துவிட்டேன்.

"வார்ம்-அப் முடிஞ்சி வந்தா. டேப்பை எடுண்ணேன்னா. எதுக்குட்டின்னு கேட்டேன். பதிலே சொல்லல. அவ ஒன்ட்ட என்னத்தப் பாத்தான்னு எனக்குத் தெரியாது."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

செர்வ், தோள், இரண்டடி முன்னால், முட்டை. எல்லாம் எனக்கு. அந்த வார்ம்-அப் எனக்கு. கொஞ்சம் பொறுத்திருந்தால், ஒரு மணி நேரம் சும்மா கைக்குக் கைக்கு அடித்துக்கொண்டு மனுஷியாக இருந்திருந்தால், இப்போது நான் பிரதான சுற்றில் ஆடி முடித்திருப்பேன். அதை நினைத்துத்தான் அழுதேன். அவள் காலை நினைத்து அல்ல. எழுதிவிட்டேன், மைண்ட் கோச் சந்தோஷப்படட்டும்.

அம்மா போன் செய்தார்கள். எடுக்கவில்லை.

ஜனவரி 15, புதன்

ஸ்கேன் பார்த்தார்கள். கணுக்கால் ஜவ்வு முழுதாக அறுந்துவிட்டது. அறுவை சிகிச்சை, ஆறேழு மாதம். அந்த ஒரு செர்வில் அறுந்ததா, வார்ம்-அப்பில் விழுந்தபோதே அறுந்ததா என்று டாக்டருக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

ஜெனி சோபாவில் காலை ஐஸ் வாளிக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிரின்ஸண்ணன் டிக்கெட் விஷயமாக வெளியே போயிருந்தார். நான் பெட்டி அடுக்குகிற மாதிரி சுற்றிச் சுற்றி வந்தேன். மன்னிப்பு கேட்க வேண்டும் என்று வந்தேன், வாய் வரவில்லை. அவளே கூப்பிட்டாள்.

"மோனி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நேத்து அடிச்சதக் கேக்கல. அது தெரியும். வெள்ளிக்கெழம பந்து கெடந்துச்சுல்லா என் காலுக்குப் பொறத்தால. அத நீ பாத்தியா?"

"பாக்கலடி. வெயில் கண்ணுல அடிச்சுது."

ஜெனி வாளிக்குள் ஐஸ் கட்டியை விரலால் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"வெயில் என் பக்கம்லா அடிச்சுது" என்றாள். "நாந்தான தொப்பிய இழுத்து உட்டுக்கிட்டு ஆடுனேன்."

கையிலிருந்த சட்டையை மறுபடி மடித்தேன். காது இரண்டும் சூடாக இருந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

"அந்தத் துண்ட எடுத்துக் குடு" என்றாள். கொடுத்தேன். காலைத் துடைத்துக்கொண்டு, டிவியைப் போட்டாள். டென்மார்க்காரியின் ஆட்டத்தை மறுபடி காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாயிண்ட் ஆட்டம், சட்டென்று முடிந்துவிட்டது.

மேசைமேல் மக்ரூன் பாக்கெட் இருந்தது. பிரிக்காமல்.

ஜனவரி 16, வியாழன்

காலையில் ஒரு மின்னஞ்சல். அடுத்த வாரம் இதே நாட்டில் இன்னொரு ஊரில் நடக்கும் சின்னப் போட்டி. நான் காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆளாக இருந்தேன். காயம் காரணமாக ஒரு வீராங்கனை விலகிவிட்டதால் பிரதான சுற்றில் இடம் இருக்கிறது, ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். விலகியவர் பெயரும் போட்டிருந்தது.

பக்கத்து அறையில் ஜெனி அண்ணனோடு பேசிக்கொண்டிருப்பது கேட்டது. ஊன்றுகோலின் உயரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

ஏற்றுக்கொள்கிறேன் என்று பதில் போட்டுவிட்டு, வெள்ளை ஸ்கர்ட்டைத் துவைக்கப் போனேன்.